எந்தக் கேமரா நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது, வங்கியில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க நிற்கும் வரிசையில், ஒரு முறை சாவு வீட்டுப் பந்தலில்கூட. "சார், நல்லதா ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?"

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?" என்று நான் கேட்பேன்.

"எல்லாத்தையும்தான் சார்."

கடைக்காரர் காத்துக்கொண்டிருப்பதும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். 'எல்லாத்தையும்' என்று வாயைத் திறந்தவரிடம் எதையும் விற்கலாம். விற்கிறார்கள். நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் லட்ச ரூபாய்க்குப் பெட்டியைத் தூக்கி வந்து, இரண்டு தீபாவளியும் ஒரு திருப்பதி பயணமும் எடுத்துவிட்டு, அலமாரியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலருக்கு அப்படி வாய்த்தது. பிற்பாடு குமாஸ்தா வேலையில் ஆங்கிலக் கோப்புகளோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. பிரெஞ்சில் போட்டோ எடுக்கும் கருவியைக் கேமரா என்று சொல்ல மாட்டார்கள். அது 'அப்பரேய் ஃபோட்டோ'. 'கமேரா' என்றால் சினிமாவோ வீடியோவோ பிடிக்கிற கருவி. லென்ஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒப்ஜெக்டிஃப்'. பார்க்கப்படும் பொருளின் பக்கம் இருக்கிற கண்ணாடி என்பதால் வந்த பெயர். குறிக்கோள் என்பதற்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இன்று கேமரா வாங்குபவர்களைப் பார்க்கும்போது, அந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பது எவ்வளவு சரி என்று தோன்றுகிறது. குறிக்கோள் இல்லாதவனுக்கு லென்ஸ் எதற்கு?

அலுவலகத்தில் நான் சில வருடங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். ஒரு இரும்பு பீரோ வாங்க வேண்டுமென்றால்கூட முதலில் இன்டென்ட் வர வேண்டும். எதற்கு, எங்கே வைக்க, யார் பயன்படுத்த. அது காலியாக இருந்தால் கோப்பு திரும்பிப் போகும். கொட்டேஷன் வாங்குவது அதற்குப் பிறகுதான். இதைச் சிவப்பு நாடா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். தன் சொந்தப் பணத்தில் இரண்டு லட்சம் செலவழிக்கும்போது அந்த முதல் கேள்விக்குப் பதில் எழுதாதவர்கள் அவர்கள்தான்.

என் கட்சி இதுதான். எதைப் படம் எடுக்கப் போகிறோம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கும், எந்த வெளிச்சத்தில் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து லென்ஸைத் தீர்மானிக்கும். லென்ஸ் முடிவான பிறகு, மிச்சமிருக்கும் பணத்துக்கு எந்த பாடி வருகிறதோ அது போதும். கடைகளிலும் யூடியூபிலும் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். முதலில் பாடி, அதுவும் போன மாதம் வந்த பாடி. கடைசியில் "இந்த கிட் லென்ஸ் கூடவே வருது சார்."

எங்கள் தெருவில் ஒரு பையன். அப்பா அச்சகத்தில் வேலை. பையனுக்குக் கல்யாணப் போட்டோகிராபர் ஆக ஆசை. நல்ல ஆசைதான், கை சுத்தம், பேச்சு இனிமை, மணப்பெண்ணின் பாட்டியைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவான். கடைக்குப் போயிருக்கிறான். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் பாடி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். கூட ஒரு சாதாரண ஜூம் லென்ஸ். நீட்டினால் அதன் திறப்பு எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும். மாதத் தவணை, இரண்டு வருடம். முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. பெட்டியைப் பிரித்த பிறகுதான் என்னிடம் வந்தான். "தாத்தா, சூப்பர் கேமரா!"

முதல் கல்யாணம் விடியற்காலை நாலரை டு ஆறு முகூர்த்தம். மண்டபத்தில் மேடைக்கு மேல் மஞ்சள் சீரியல் விளக்கு, பக்கத்தில் ஹோமப் புகை. இந்த வெளிச்சத்தில் எஃப் 6.3 லென்ஸ் என்பது ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேப்பர் படிப்பது மாதிரி. எஃப் 2.8 திறப்புள்ள லென்ஸ் அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். பையனின் கேமரா ஐஎஸ்ஓ-வை ஏற்று ஏற்றென்று ஏற்றியது. படமெல்லாம் மணல் தூவினாற்போல் வந்தது. தாலி கட்டும் படம் அசைந்து போய்விட்டது. பெண் வீட்டார் பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஃபிளாஷ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, வேண்டும், அதுவும் நல்லதாக ஒன்று வேண்டும். ஆனால் ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும், பின்னால் மண்டபம் இருட்டுக் குகையாகும். கூரையில் அடித்துத் திருப்பலாம் என்றால் பல மண்டபங்களில் கூரை எட்டாத உயரம், அல்லது நீலமோ பச்சையோ பெயின்ட். முகம் அந்த நிறத்தில் வரும். அகலத் திறப்புள்ள லென்ஸ் இருந்தால் மண்டப வெளிச்சத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, ஃபிளாஷைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம்.

அதே பணத்துக்கு அவன் வாங்கியிருக்க வேண்டியது என்னவென்று சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் இரண்டு பாடி. ஆமாம், இரண்டு. 2014-ல் வந்த நிக்கான் டி750 மாதிரி 24 மெகாபிக்சல் கேமரா. அதில் மெமரி கார்டுக்கு இரண்டு இடம் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதிய வைக்கலாம். கார்டு பழுதானால் முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியுமா? ஒரு பாடியில் எஃப் 2.8 திறப்புள்ள 24-70 ஜூம், அதுவும் பழையதே. இன்னொன்றில் எஃப் 1.8 திறப்புள்ள 85 எம்.எம்.; மேடையில் ஏறி ஐயர் தலையை இடிக்காமல் கீழே நின்றே முகங்களை எடுக்க. ஒரு ஃபிளாஷ், உதிரி பேட்டரிகள். இந்தப் பட்டியலில் பளபளப்பாக எதுவுமே இல்லை. அதனால்தான் எந்தக் கடையின் கண்ணாடி அலமாரியிலும் இது இல்லை.

45 மெகாபிக்சல் அவனுக்கு எதற்கு? கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாக வைத்தாலும் 5400-க்கு 3600. பெருக்கினால் இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிட்டது. வீட்டு 4கே டிவியில் மொத்தமே 83 லட்சம் புள்ளிதான். வாட்ஸ்அப்பில் போனால் அதுவும் கரைந்துவிடும். மிச்சப் புள்ளிகள் ஹார்ட் டிஸ்க் விற்பவருக்கு உபயோகம்.

அடுத்து இந்த 'ஃபுல் ஃபிரேம்' பக்தர்கள். ஃபுல் ஃபிரேம் இல்லாததைக் கேமராவாகவே மதிக்க மாட்டார்கள். சாதி பார்ப்பது மாதிரி சென்சார் பார்க்கிறார்கள். சரி, கணக்கே போடுவோம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பில் பார்த்தால் பெரியது சிறியதைவிட 2.35 மடங்கு. அவ்வளவு மடங்கு வெளிச்சம் கூடுதலாக வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐக் கழற்றி எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே, மட்டமான ஜூம் மாட்டிய இரண்டு லட்ச ரூபாய் ஃபுல் ஃபிரேமைவிட, எஃப் 1.8 லென்ஸ் மாட்டிய பழைய சிறிய கேமரா இருட்டு அறையில் நல்ல படம் கொடுக்கும். இதைச் சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வருகிறது. கணக்கில் தப்பிருந்தால் காட்டட்டும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஏபிஎஸ்-சி கேமரா ஒன்று, அதற்கு 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. ஜூம் கிடையாது. நாலடி முன்னால் போனால் அதுதான் ஜூம். டியூப்லைட் வெளிச்சத்தில் பேரன் ஓடினாலும் பிடித்துவிடலாம். லென்ஸில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியைக் காட்டி ஏமாற்றுவார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குத் திறப்பு வேண்டும்.

மொபைல் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலருக்குப் போதும். கோயில் திருவிழா, ஊர்ப் பயணம், பில்லைப் படம் எடுத்து அனுப்புவது, எல்லாவற்றுக்கும் போதும். இப்படிச் சொல்லி நான் நாலைந்து பேரைக் கடை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் மொபைலில் உள்ள முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். முகத்தை நிறைக்க வேண்டுமானால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவ்வளவு பக்கத்தில் போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். உங்கள் அம்மாவின் முகம் அப்படியா இருந்தது? ஆறடி தள்ளி நின்று எடுங்கள். அதற்கேற்ற லென்ஸ் வேண்டும்.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை இந்த இடத்தில் இழுக்காமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சு படித்தவனுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் இருக்கத்தானே செய்யும். 1950 ஏப்ரலில், நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, அவர் எங்கள் ஊருக்கு வந்தார். பல வருடங்களாக யாரையும் படம் எடுக்க விடாத ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அவரிடம் இருந்தது கைக்கு அடக்கமான லைக்கா. வாழ்நாளில் பெரும்பாலான படங்களை ஒரே 50 எம்.எம். லென்ஸில் எடுத்தவர் அவர். "அவர் மேதை சார், நம்மால முடியுமா" என்பார்கள். மேதைமையை நான் பேசவில்லை. அவர் எடுக்க நினைத்தது மனிதர்களை, பேசும் தூரத்தில், கிடைக்கிற வெளிச்சத்தில். அதற்கு ஏற்ற லென்ஸை வைத்துக்கொண்டார். அதே லைக்காவைத் தூக்கிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் பறவை எடுக்கப் போயிருந்தால் அவருக்கும் புள்ளி புள்ளியாகத்தான் கிடைத்திருக்கும்.

பறவை என்றதும் ஓய்வுபெற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். என் வயதில் பாதிப் பேருக்கு இப்போது பறவைப் பைத்தியம். நல்ல பைத்தியம். ஆனால் 18-55 கிட் லென்ஸோடு ஏரிக்கரையில் நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள சாம்பல் நாரை 60 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். 55 எம்.எம்.-இல் எடுத்தால் ஏபிஎஸ்-சி படத்தின் உயரத்தில் பதினேழில் ஒரு பங்குதான் நாரை. மீதி தண்ணீர். 500 எம்.எம்.-இல் பாதிக்கு மேல் நாரை. எந்த பாடியை மாற்றினாலும் இந்த விகிதம் மாறிவிடாது.

இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் புது பாடியும் உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிற வசதி வந்துவிட்டது. பறக்கும்போது எடுக்க அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. எடை. நிக்கானின் 200-500 அருமையான லென்ஸ், 2.3 கிலோ. பாடியையும் ஸ்டாண்டையும் சேர்த்தால் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போகிற பிள்ளையைக் கூப்பிட வேண்டும். கேனன் ஆர்10 பாடியில் 100-400 லென்ஸை மாட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அந்த லென்ஸின் திறப்பு சிறியது, முழுக்க நீட்டினால் எஃப் 8. விடிவதற்கு முன்னால் உதவாது. எட்டு மணி வெயிலில் ஏரிக்கரைக்குத் தாராளம். என் மூட்டுக்கும் எட்டு மணிதான் தோது.

தோட்டக்காரர்களுக்கு இரண்டே வரி. மாடியில் செம்பருத்தியும் வண்ணத்துப்பூச்சியும் எடுக்க 90 அல்லது 100 எம்.எம். மேக்ரோ. பணம் இல்லையென்றால், இருக்கிற லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடியே இல்லாத வெறும் வளையம், விலை சொற்பம்.

கோபுரம், பழைய பிரெஞ்சு வீடு எடுப்பவர்களுக்கு அகல லென்ஸ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாயும். எதிர் வீட்டு மாடிக்கு அனுமதி வாங்கினால் லென்ஸ் செலவு பாதி மிச்சம்.

மூத்தவர்களுக்கு இன்னொன்று, இதை எந்த யூடியூப்காரரும் சொல்ல மாட்டார். அவருக்கு வயது இருபத்தாறு. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. அந்த வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், டயாப்டர் என்று பெயர். உங்கள் பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்றபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம். படம் மங்கலாக இருக்கிறது என்று கேமராவை விற்கவே கிளம்பிய என் பழைய சகா ஒருவருக்கு அந்தத் திருகைத் திருப்பிக் கொடுத்தேன். பத்து விநாடி வேலை. மூன்று வருடமாக மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பழையது வாங்கத்தான் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். கேனனும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவருவதை விட்டு மிரர்லெஸ் பக்கம் போய்விட்டார்கள். அதனால் கடைகளில் பழைய டிஎஸ்எல்ஆர்களும் அவற்றின் அருமையான லென்ஸ்களும் விலை சரிந்து கிடக்கின்றன. பாடிக்கு ஷட்டர் கவுன்ட் கேளுங்கள். டி750-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது, ஓடோமீட்டர் பார்க்காமல் பழைய ஸ்கூட்டர் வாங்குவீர்களா? லென்ஸை வாங்கும்போது மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் இது சகஜம். தூசி என்று சமாதானம் சொல்வார்கள், நம்பாதீர்கள். வாங்கியதைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் அடைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த லென்ஸை மாட்டச் சொல்லி, கடைக்குள்ளே விளக்கு மங்கலான மூலை ஒன்றில் கூட வந்தவரை நிறுத்தி இருபது படம் எடுங்கள். வாசலில் போகிற சைக்கிளை இருபது படம். வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். "ஆஃபர் இன்னைக்கோட முடியுது சார்" என்பார். முடியட்டும். மாட்டிக் காட்டவே மறுத்தால், கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருக்கும்.